விம்மிலிருந்து பிரவுசருக்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள சேகர்,

நலம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். இங்கே வெயில் தாங்கவில்லை, ஆரணியிலும் அப்படித்தான் இருக்கும். வட ஆற்காட்டுக் கோட்டைகளையும் ஏரிகளையும் பற்றிய குறிப்புகளை நீ டெக்ஸ்ட் ஃபைலில் சேர்த்து வருவது எனக்கு ரொம்ப சந்தோஷம். 1989இல் மாவட்டம் இரண்டானது, 2019இல் வேலூர் மட்டுமே மூன்றானது. பழைய தகவல் எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று லிங்க்கோடு எழுதிவைத்தால்தான் நாளைக்கு யாராவது தேடிப் பார்க்க முடியும். அதனால் நீ கேட்டதற்கு விவரமாகவே எழுதுகிறேன்.

ஆங்கில லிங்க் எல்லாம் விம் எடிட்டரிலிருந்து சரியாகத் திறக்கிறது, தமிழ் விக்கிப்பீடியா லிங்க் மட்டும் கண்ட பக்கத்துக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய மேப்பிங் வரியை, அதாவது ஒரு கீயில் ஒரு கமாண்டைக் கட்டும் வரியை, பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. கர்சர் இருக்கும் சொல்லை கண்ட்ரோல்-ஆர், கண்ட்ரோல்-ஏ மூலம் கமாண்ட் வரியில் கொட்டி, முன்னால் ஆச்சரியக்குறியும், லினக்ஸில் லிங்க்கை பிரவுசரில் திறக்கும் எக்ஸ்டிஜி-ஓப்பன் கமாண்டும் போட்டு ஓட்டுகிறாய். ஆச்சரியக்குறிக் கமாண்டில் % வந்தால் விம் அதை இப்போது திறந்திருக்கும் ஃபைலின் பெயராக மாற்றிவிடும்.

அட்ரஸ் பாரிலிருந்து காப்பி செய்த தமிழ் லிங்க்கில் % எத்தனை என்று பார். எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். லிங்க்கில் ஒவ்வொரு பைட்டும் ஒரு %, அதன் பின்னால் இரண்டு எழுத்து என்று மாறும். ‘வேலூர்’ என்பதில் வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஆறு குறியீடுகள். ஆக 18 பைட், 18 %, மொத்தம் 54 எழுத்து. ‘கோட்டை’க்கும் அதே கணக்கு. உன் ஃபைலின் பெயர் ‘கோட்டை’ என்றால், ‘வேலூர்_கோட்டை’ என்று முடியும் லிங்க்கில் ‘கோட்டை’ 36 இடத்தில் நுழைந்துவிடுகிறது. பிரவுசர் பாவம் என்ன செய்யும்?

# குறிக்கும் இதே கதிதான். பக்கத்தின் நடுவில் ஒரு தலைப்புக்குப் போகும் லிங்க்கில் # இருக்கும். விம் அதை முன்பு திறந்திருந்த ஃபைலின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு ஃபைல் இல்லையென்றால் ஈ194 பிழை காட்டி நின்றுவிடும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. மோசமானது &. அது விம்மைத் தாண்டி, கமாண்டுகளை ஓட்டும் ஷெல்லில் மாட்டுகிறது. ஷெல் & வரைக்கும் ஒரு கமாண்ட் என்று பின்னணியில் ஓட்டிவிட்டு, மிச்சத்தை வேறு கமாண்டாக எடுத்துக்கொள்ளும். அந்த மிச்சம் ‘பக்கம்=5’ என்கிற மாதிரி, ஆங்கில எழுத்தில், இருந்தால் ஏதோ ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுக்கிறாய் என்று நினைத்து ஒரு பிழையும் காட்டாது. பக்கமும் திறக்கும், ஆனால் நீ கேட்ட பக்கமாக இருக்காது.

மேப்பிங்கைத் திருத்தும் முன் ஒன்று பார்த்துக்கொள். நீ வைத்திருப்பது விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம், அதுவும் 0.10 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் உனக்கு இந்த மேப்பிங்கே வேண்டாம். லிங்க்கின் மேல் கர்சரை வைத்து, நார்மல் மோடில் ஜி, எக்ஸ் என்று இரண்டு கீ அழுத்தினால் போதும், ஷெல் இல்லாமலே சிஸ்டத்தின் பிரவுசரிடம் கொடுத்துவிடும். விம்மிலும் ஜிஎக்ஸ் உண்டு. அதை நெடுங்காலமாக நெட்ஆர்டபிள்யூ என்ற உள் பிளகின்தான் கவனித்து வந்தது. ஃபைல் மரம் காட்டும் பிளகின் போடும்போது பலர் நெட்ஆர்டபிள்யூவை அணைத்துவிடுவார்கள், கூடவே ஜிஎக்ஸும் போய்விடும். ‘வெர்போஸ் என்மேப் ஜிஎக்ஸ்’ என்று கமாண்ட் கொடுத்தால் அந்தக் கீயை யார் பிடித்திருக்கிறார்கள், எந்த ஃபைலில் என்று விம்மே சொல்லிவிடும்.

சொந்த மேப்பிங்தான் வேண்டும் என்றால் ஆச்சரியக்குறி வழியை விட்டுவிடு. விம் 8 முதல் ஜாப்_ஸ்டார்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதற்கு ஒரே நீளமான வாக்கியமாகக் கொடுக்காமல், சதுர அடைப்புக்குள் பட்டியலாகக் கொடு: முதல் உறுப்பு எக்ஸ்டிஜி-ஓப்பன், இரண்டாவது உறுப்பு எக்ஸ்பாண்ட் ஃபங்ஷன் தரும் சிஃபைல், அதாவது கர்சருக்கு அடியில் இருக்கும் லிங்க். பட்டியலாகப் போனால் நடுவில் ஷெல் கிடையாது. %, #, & மூன்றும் அப்படியே பிரவுசருக்குப் போய்ச் சேரும். கூடவே ‘ஸ்டாப்ஆன்எக்ஸிட்’ என்ற ஆப்ஷனை வெற்றுச் சரமாக வைத்துவிடு. வைக்காவிட்டால், விம்மை மூடும்போது அது தான் தொடங்கிய வேலையையும் நிறுத்தப் பார்க்கும். பிரவுசர் முன்பே ஓடிக்கொண்டிருந்தால் பாதிப்பு இல்லை. லிங்க்தான் பிரவுசரையே கிளப்பியது என்றால் அதுவும் சேர்ந்து மூடிக்கொள்ளலாம்.

ஏதோ காரணத்துக்காகப் பழைய வழியிலேயே இருக்க வேண்டும் என்றால், லிங்க்கை, ஷெல் தவறாக எடுத்துக்கொள்ளாதபடி மேற்கோளுக்குள் கட்டும் ஷெல்எஸ்கேப் ஃபங்ஷனுக்குள் போட்டு அனுப்பு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆச்சரியக்குறிக் கமாண்டுக்கு அனுப்பும்போது இரண்டாவது மதிப்பாக 1 கொடுக்க வேண்டும், அப்போதுதான் %, #, ! முன்னால் பின்சாய்கோடு போடும். விம்மின் ‘சிஸ்டம்’ என்ற ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது அந்த 1 கூடாது. கொடுத்தால் பின்சாய்கோடுகள் லிங்க்கிலேயே தங்கி, அதுவே புதுத் தொல்லையாகும்.

விம்மை ஒதுக்கிவைத்து, டெர்மினலில் எக்ஸ்டிஜி-ஓப்பன் என்று அடித்து லிங்க்கை ஒற்றை மேற்கோளுக்குள் கொடுத்துப் பார்ப்பதும் அவசியம். அங்கே திறக்கவில்லை என்றால் குற்றம் எடிட்டரிடம் இல்லை. வேறு பிரவுசர் திறந்தால், எக்ஸ்டிஜி-செட்டிங்ஸ் கமாண்டில் டீஃபால்ட் பிரவுசரை மாற்று. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற பேக்கேஜ் வடிவில் வருவதால் அதன் டெஸ்க்டாப் ஃபைலின் பெயர் ‘ஃபயர்ஃபாக்ஸ்_ஃபயர்ஃபாக்ஸ்’ என்று இரட்டிப்பாக இருக்கும். ஒற்றைப் பெயரைக் கொடுத்துவிட்டு மாறவில்லையே என்று உட்கார்ந்திருக்காதே.

அடைப்புக்குறி இன்னொரு தொந்தரவு. ஒரே பெயரில் ஊரும் ஆறும் இருந்தால் விக்கிப்பீடியா தலைப்பில் அடைப்புக்குறி போட்டுப் பிரிப்பார்கள். விம்முக்கு அடைப்புக்குறி ஃபைல் பெயரில் சேராது, லிங்க்கை அங்கேயே வெட்டிவிடும். இரண்டு வழி இருக்கிறது. லிங்க் முழுவதையும் விஷுவல் மோடில் தேர்ந்தெடுத்து ஜிஎக்ஸ் அழுத்தலாம். அல்லது ஃபைலில் எழுதும்போதே திறக்கும் அடைப்பை %28 என்றும் மூடுவதை %29 என்றும் மாற்றிவிடலாம். உன் குறிப்பு நாலு பேர் கைக்குப் போகப்போகிறது, ஆகவே நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இதைவிட முக்கியமாக உன்னிடம் கேட்டுக்கொள்வது, லிங்க்கை % மூட்டையாகச் சேமிக்காதே. ஃபயர்ஃபாக்ஸில் ‘அபவுட் கான்ஃபிக்’ பக்கத்தைத் திறந்து, ‘டிகோட்யூஆர்எல்ஸ்ஆன்காப்பி’ என்று தேடி, அதை ‘ட்ரூ’ ஆக்கு. அதன்பின் காப்பி செய்யும் லிங்க்கில் ‘வேலூர்_கோட்டை’ என்று தமிழிலேயே வரும். குறியீட்டு எண் 255க்கு மேல் உள்ள எழுத்துகளை எல்லாம் விம் ஃபைல் பெயரில் ஏற்றுக்கொள்வதால், தமிழ் லிங்க் நடுவில் அறுபடாது. ஃபைலில் ‘கோட்டை’ என்று தேடினால் லிங்க்கும் அகப்படும். % மூட்டையில் எதைத் தேடி எதைக் கண்டுபிடிப்பது?

உன் தம்பி ஈமேக்ஸ் என்ற வேறு எடிட்டரைப் பிடித்திருப்பதாக எழுதினாய். அங்கே வேலை சுலபம். ‘கோட்டு-அட்ரஸ்-மோட்’ போட்டால் லிங்க் எல்லாம் அழுத்தக்கூடியதாகும், கண்ட்ரோல்-சி, என்டர் அடித்தால் திறக்கும். ஈமேக்ஸ் 28 முதல் ‘ப்ரௌஸ்-யூஆர்எல்-ஹேண்ட்லர்ஸ்’ என்று ஒரு பட்டியல் உண்டு. விக்கிப்பீடியா லிங்க் வந்தால் உள்ளேயே இருக்கும் ஈடபிள்யூடபிள்யூ உலாவியில் காட்டு, மற்றதை வெளியே அனுப்பு என்று அதில் சொல்லிவைக்கலாம். ஈமேக்ஸ் 27 முதல், எழுத்துகளைச் சரியாக இணைத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் இருப்பதால், கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழ் ஒழுங்காகத் தெரியும். படிக்கிற பக்கமும் எழுதுகிற குறிப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தம்பிக்குப் பிடிக்கும்.

காவேரிப்பாக்கம் ஏரி பற்றிய பகுதி முடிந்ததும் அந்த ஃபைலை அனுப்பு. அதில் உள்ள பழைய % லிங்க்குகளை மொத்தமாகத் தமிழுக்கு மாற்றித் தருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன்,
பாஸ்கர்