சவர்டோ: பேரு யாருக்கு முதல்ல வந்துச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல சவர்டோ பிரெட் பத்தி போட்டிருந்தீங்க, செய்முறையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா தங்கம் தோண்டப் போனவங்களை சவர்டோன்னு கூப்பிட்டாங்க, அதுலேர்ந்துதான் ரொட்டிக்கு அந்தப் பேரு வந்துச்சுன்னு கடைசில முடிச்சிட்டாங்க பாருங்க, அது அப்படியே தலைகீழ்.

சவர்னா புளிப்பு, டோன்னா பிசைஞ்ச மாவு, அவ்ளோதான். இங்கிலீஷ்ல 14ஆம் நூற்றாண்டுலயே இந்தச் சொல் இருக்கு. ஜெர்மன்ல சவர்டைக்னு சொல்றாங்க, அதுவும் இதே புளிச்ச மாவுதான். பிரெஞ்சுக்காரங்க மட்டும் லெவான்னு சொல்வாங்க, அது தூக்குறது, எழுப்புறதுங்கிற லத்தீன் வேர்லேர்ந்து வந்தது. இங்கிலீஷ், ஜெர்மன்காரங்க நாக்கை வச்சு பேரு வச்சாங்க, பிரெஞ்சுக்காரங்க மாவு உப்புறத கண்ணால பாத்து வச்சாங்கபோல.

ஆளுங்களுக்கு இந்தப் பேரு ஒட்டினது ரொம்பப் பின்னாடி. 1896 ஆகஸ்ட்ல கனடாவோட யூகான் பகுதியில, க்ளோண்டைக் ஆத்துப் பக்கத்து ஓடையில தங்கம் கிடைச்சதும் ஊரே திரண்டு ஓடுச்சு, ஒரு வருஷத்துக்கான சாப்பாட்டுச் சாமான் இல்லாம வந்தவங்கள கனடா போலீஸ் எல்லையிலயே திருப்பி அனுப்பிட்டாங்க, சரி மாவு மூட்டை கையில இருக்கு, அந்தப் பனிக்காட்டுல மாவை உப்ப வைக்கிற ஈஸ்ட்டுக்கு எங்க போறது? அதனால புளிச்ச மாவுல ஒரு பங்கை பையில கட்டி, குளிர்ல செத்துடக் கூடாதுன்னு உடம்போட ஒட்டியே வச்சிருப்பாங்களாம். அதுல கொஞ்சம் எடுத்து ரொட்டி சுடுறது, மிச்சத்துல மாவும் தண்ணியும் விட்டுத் திரும்ப புளிக்க வைக்கிறது, இப்படியே போகும். ஆறு உறையறதையும் வசந்தத்துல அந்த ஐஸ் உடையறதையும் அங்கயே கிடந்து பாத்தவனுக்குத்தான் சவர்டோங்கிற பட்டம், நேத்து வந்து இறங்கினவன் வெறும் சீச்சாக்கோ. (இது வட அமெரிக்காவோட பசிபிக் கரையில பழங்குடி ஆளுங்களும் வியாபாரிங்களும் பேசின சினூக் கலப்பு மொழிச் சொல், புதுசா வந்தவன்னு அர்த்தம்.) 1910ல அலாஸ்காவுல டெனாலி மலையோட வடக்குச் சிகரத்துக்கு ஏறின சுரங்க ஆளுங்க கூட்டத்துக்கும் சவர்டோ பயணம்னுதான் பேரு.

இன்னொண்ணு, நமக்கு இதுக்கு சொல்லே இல்லாத மாதிரி எழுதியிருந்தாங்க. தமிழ் பைபிள்ல எத்தனை காலமா புளித்தமான்னு இருக்கு! பழைய இங்கிலீஷ் பைபிள்ல அந்த இடத்துல பிரெஞ்சு வழியா வந்த லெவன்ங்கிற சொல்தான் இருக்கும், நம்ம ஆளுங்க நேரா புளிப்பையும் மாவையும் சேர்த்துட்டாங்க.

அடுத்த தடவையாவது ஒரே ஒரு இடத்துல புளிச்ச மாவு ரொட்டின்னு போட்டுப் பாருங்க. துண்டு ரொட்டிக்கு முந்நூறு ரூபா வாங்குற கடைக்காரங்க கோவிச்சுக்குவாங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாசகர்