மூன்றாம் பருவம் தொடங்கும் முன் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அனுப்புநர்:
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி,
கல்வராயன்மலை ஒன்றியம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவ மாணவியரின் பெற்றோர்கள், பாதுகாவலர்கள்.

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்துள்ளது. தேர்வுகள் முடிந்துவிட்டன, விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்ததும் விடைத்தாள்கள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பப்படும். கலைத் திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் ஆர்வத்துடன் கலந்துகொண்டு பள்ளிக்குப் பெருமை சேர்த்தனர். எட்டாம் வகுப்பு மாணவர்கள் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்குத் தயாராகி வருகின்றனர். மழைக்காலத்தில் சமையலறைக் கூரையைச் சீர்செய்து கொடுத்த பெற்றோர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும், காலை உணவைத் தவறாமல் சமைத்துத் தரும் மகளிர் குழுவினருக்கும் பள்ளியின் சார்பில் நன்றி.

பொங்கல் முடிந்தவுடன் நம் மலையிலிருந்து பல குடும்பங்கள் காப்பித் தோட்ட வேலைக்காகக் குடகுக்கும் சிக்கமகளூருக்கும் புறப்படுவதைப் பற்றியும், அப்போது உடன் அழைத்துச் செல்லப்படும் பிள்ளைகளைப் பற்றியும் தங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே. வாசிக்கத் தெரியாத பெற்றோர்களுக்கு அவரவர் பிள்ளைகளே இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இது வாசிக்கப்படும்.

தாங்கள் வேலைக்குச் செல்வதை நான் குறை சொல்லவில்லை. சாமையும் மரவள்ளியும் மழையை நம்பிய வெள்ளாமை. அறுப்பு முடிந்து கிழங்கும் விலை போனபின், தை மாதத்திலிருந்து இங்கே கூலி வேலை மிகக் குறைவு என்பதை நான் அறிவேன். மருத்துவச் செலவுக்கும், கல்யாணக் கடனுக்கும், வீடு கட்டும் செலவுக்கும் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்தை விட்டால் வேறு வழியில்லாத வீடுகள் உண்டு என்பதையும் அறிவேன். ஊர் விட்டு ஊர் போய், மொழி தெரியாத இடத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் நெருக்கியடித்துத் தங்கி உழைத்துத் தங்கள் குடும்பத்தைக் காப்பாற்றும் தங்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பெற்றோர் போவது வேறு, பள்ளிப் பிள்ளை போவது வேறு என்பதே என் கவலை. காப்பியில் அரபிகா வகைப் பழம் கார்த்திகை முதல் தை வரையிலும் ரொபஸ்டா வகை அதன்பின் பங்குனி வரையிலும் பறிக்கப்படுகின்றன. அதைத் தொடர்ந்து மிளகும் வந்துவிடுகிறது. அந்தக் காலத்தின் பெரும்பகுதி மூன்றாம் பருவத்தின் மேலேயே விழுகிறது. போன பிள்ளை ஊர் திரும்பும்போது ஆண்டுத் தேர்வு நெருங்கிவிடுகிறது, அல்லது முடிந்தே விடுகிறது.

"ரெண்டு மாசந்தானே சார், வந்து படிச்சுக்கும்" என்று பல பெற்றோர்கள் என்னிடம் சொல்கிறார்கள். இதை அவர்கள் பொறுப்பில்லாமல் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு வாசிப்பு எப்படிக் கைகூடுகிறது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்றாம் வகுப்பில் பிள்ளை எளிய எழுத்துகளை அடையாளம் காணக் கற்கிறது. பிறகு கால், கொம்பு, சுழி என ஒவ்வொரு குறியாகச் சேர்கிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். எழுத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வரும் 'கொ', 'கோ' போன்றவற்றில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுகின்றனர்; அதைத் தாண்டினால் ல, ள, ழ வேறுபாடும் ண, ன வேறுபாடும் நிற்கின்றன. இவை அனைத்தும் தெரிந்த பிறகும் பிள்ளை வாசிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எழுத்தெழுத்தாகக் கூட்டாமல் சொல்லை முழுதாகப் பார்த்த மாத்திரத்தில் சொல்லவும், வரியின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கத்தை மறக்காமல் இருக்கவும் வேண்டும். நாள்தோறும் சிறிது நேரமாவது வாசித்தால் மட்டுமே இது வரும். இரண்டாம், மூன்றாம், நான்காம் வகுப்புகளில் இது பாதி வந்தும் பாதி வராமலும் இருக்கும் நிலையில் பயிற்சி நின்றுபோனால், கற்றது அப்படியே இருப்பதில்லை. பாதியில் ஆறவிட்ட சோற்றுப் பானையை மறுபடி அடுப்பேற்றுவது போன்றதுதான் அதன்பின் நடக்கும் படிப்பு.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி மார்கழி மாதத்தில் பாடத்தின் ஒரு பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்து, கதையைத் தன் சொற்களில் திருப்பிச் சொன்னாள். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு என்ற முதல் நிலையிலிருந்து மொட்டு என்ற அடுத்த நிலைக்கு அவள் முன்னேறியதை வகுப்பாசிரியர் மகிழ்ச்சியோடு வந்து சொன்னார். தோட்டத்திலிருந்து சித்திரைக்கு முன் திரும்பி வந்தபோது அதே புத்தகத்தைக் கொடுத்தேன். 'சோளம்' என்ற சொல்லில் இரட்டைக் கொம்பையும் காலையும் விட்டுவிட்டு, 'ச', 'ள', 'ம்' என்று தனித்தனியாகச் சொன்னாள். விரலை அந்தச் சொல்லின் மேலேயே வைத்துக்கொண்டு, தான் சொன்னது சரியில்லை என்று அவளுக்கே தெரிந்து, மேலே வாசிக்காமல் நின்றாள். அவளோடு மொட்டு நிலையில் இருந்த மற்றப் பிள்ளைகள் அந்நேரம் அரைப்பக்கக் கதை எழுதிக்கொண்டிருந்தனர். அந்தப் பிள்ளை மந்தமான பிள்ளை அல்ல. நினைவாற்றலில் வகுப்பில் முதல் வரிசை. அவள் யார் என்பது இங்கே தேவையில்லை, ஏனென்றால் அவளைப் போன்றவர்கள் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் இருக்கின்றனர்.

இன்னொன்றையும் பெற்றோர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கப்படுவதில்லை. பிள்ளையை அவமானப்படுத்தாமல் பள்ளியில் தக்கவைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் அமைந்த விதி அது. ஆனால் தை, மாசி, பங்குனி முழுவதும் வராத பிள்ளையும் ஜூன் மாதத்தில் மேல்வகுப்பில் உட்கார்ந்துவிடுவதால், "பாஸ் ஆயிடுச்சே" என்று வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். வகுப்பு ஏறுவதும் படிப்பு ஏறுவதும் ஒன்றல்ல. நான்காம் வகுப்பிலிருந்து அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வாசிப்பு வராத பிள்ளைக்கு எல்லாப் பாடமும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் போய், பொதுத் தேர்வுக்கு அருகில் நின்றுகொண்டுதான் பெற்றோர்கள் அதை அறிகிறார்கள். அந்த வயதில் பையன் சென்டரிங் வேலைக்கும், பெண் திருமணத்துக்கும் போய்விடுவதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஜாகீர்தார்களின் பிடியில் மலை இருந்த ஜாகீர் முறை ஒழிந்து இம்மலை முழுமையாக அரசின் நிர்வாகத்தின்கீழ் வந்தது 1976-ஆம் ஆண்டில்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிவு பெற்றிருந்தனர். மாநிலத்தின் பழங்குடி மக்களில் அது நூற்றுக்கு 54 பேர் மட்டுமே. இந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் உள்ள பல பிள்ளைகள் தங்கள் வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் வாசிப்பவர்கள். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கிடைக்காத ஒன்று இவர்களுக்கு வாசல் வரை வந்திருக்கும்போது, ஆண்டுக்கு ஒரு பருவம் அது கையைவிட்டு நழுவுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது சொல்லப்போவது கண்டிப்பானது. ஆயினும் சொல்லியே ஆக வேண்டும். மேஸ்திரியிடம் முன்பணம் பேசும்போது பிள்ளையின் கையையும் கணக்கில் சேர்ப்பது சில இடங்களில் நடக்கிறது. செடியின் அடியில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கவும், மூட்டை கட்டும் இடத்தில் உதவவும், லைன் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பள்ளிப் பிள்ளைகள் நிறுத்தப்படுகின்றனர். 6 வயது முதல் 14 வயது வரையிலான ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக் கல்வி உரிமை என்பது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். 14 வயது நிரம்பாத எந்தப் பிள்ளையையும் வேலையில் அமர்த்தக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. சொந்த வீட்டுத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் பெற்றோருக்கு உதவுவதற்கு அதில் விலக்கு உண்டு. பிறர் தோட்டம் சொந்தத் தொழில் ஆகாது. பிள்ளையை வேலைக்கு வைப்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரு பிள்ளை நீண்ட நாட்கள் தொடர்ந்து வராவிட்டால், அந்தப் பெயரை இடைநின்றோர் பட்டியலில் சேர்த்து மேலிடத்துக்குத் தெரிவிப்பது என் கடமை. அதை மறைத்து, வராத பிள்ளைக்கு வந்ததாகப் பதிவு செய்யும்படி யாரும் என்னிடமோ ஆசிரியர்களிடமோ கேட்க வேண்டாம். அது ஒருபோதும் நடக்காது. குடகுத் தோட்டங்களில் யானை நடமாட்டம் இருப்பதும், பெரியவர்கள் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் பகல் முழுவதும் தனியாக இருப்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. வழக்கு, அபராதம் என்பதைவிட அதுவே எனக்குப் பெரிய அச்சம்.

பிள்ளையை இங்கே விட்டுச் செல்வதில் தாங்கள் சந்திக்கும் சங்கடங்களையும் யோசித்தே எழுதுகிறேன். தாத்தா பாட்டியிடம் விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பது முதல் கேள்வி. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும், எல்லா வகுப்புக்கும் மதிய உணவும் பள்ளியிலேயே கிடைக்கின்றன. பாட்டி இரவுச் சமையலை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வயதானவர்களால் அதுவும் இயலாத வீடுகளுக்கு, நம் மலையில் உள்ள அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் இடம் கேட்டு நானே எழுதித் தருகிறேன்; தேவைப்பட்டால் உடன் வருகிறேன். வேலைக்குச் செல்லும் காலத்துக்கு மட்டும் பிள்ளைகள் தங்கிப் படிக்கப் பருவகால விடுதி வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் நிறைவேற்றி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது என் விருப்பம். அந்தக் கூட்டத்துக்கு, வேலைக்குக் கிளம்பும் முன் தாங்கள் அவசியம் வர வேண்டும். தங்கள் வாயால் கேட்கும் கோரிக்கைக்கு இருக்கும் வலு என் கடிதத்துக்கு இருக்காது.

பெண் பிள்ளையைத் தனியாக விட்டுச் செல்ல மனம் வராது என்று தாய்மார்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் நம் ஆசிரியைகளிடம் தயங்காமல் பேச வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது என்பதையும் அந்த முடிவின்போது நினைவில் கொள்ள வேண்டும். மகளின் ஒரு பருவப் படிப்பை விட்டுக்கொடுத்துப் பெறும் கூலி அதனோடு ஒப்பிட மிகச் சிறியது.

இத்தனைக்குப் பிறகும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்வதைத் தவிர வேறு வழியே இல்லாத குடும்பங்கள் ஒன்றிரண்டு இருக்கக்கூடும். அவர்கள் சொல்லாமல் கிளம்பிவிடாமல், போகும் ஊர், திரும்பும் மாதம், தொடர்பு எண் ஆகியவற்றை வகுப்பாசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். அங்குள்ள பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க உரிமை உண்டு; அதற்கான சான்றுகளை உடனே தருகிறேன். வகுப்பு கன்னடத்தில் நடக்கும் என்பதால், நம் தமிழ்ப் பாடப் புத்தகத்தையும் கதை அட்டைகளையும் கையோடு கொடுத்தனுப்புவோம். வாரம் ஒருமுறை கைப்பேசியில் வகுப்பாசிரியருக்கு ஒரு பத்தி வாசித்துக் காட்டச் செய்தாலே, திரும்பி வரும் பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

சென்ற ஆண்டு தோட்டத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பாட்டிமார்களையும், அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துச் சோறு போட்டுக் காத்த குடும்பங்களையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. முழங்கால் வலியோடு ஏற்றத்தில் நடந்து வந்து, பேரனை வாசலில் விட்டுவிட்டு, மணி அடிக்கும் வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்து போவார் ஒரு பாட்டி. அவர் பேரன் இன்று ஐந்தாம் வகுப்பில் மொட்டுக்கும் மேலான மலர் நிலையில் இருக்கிறான். இவர்கள் எல்லோருக்கும் பள்ளி நன்றிக்கடன் பட்டிருக்கிறது. பிள்ளையை நம்பி எங்களிடம் ஒப்படைக்கும் தங்கள் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றியும் பொங்கல் வாழ்த்தும்.

இத்துடன் உள்ள சீட்டில், மூன்றாம் பருவத்தில் பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கும் என்பதை எழுதி, பள்ளி திறக்கும் நாளன்று பிள்ளையிடமே கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். எழுத இயலாதவர்கள் மாலை வேளையில் பள்ளிக்கு நேரில் வந்து சொன்னால், வகுப்பாசிரியர் எழுதிக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்