மக்தான் தீவில் எங்கள் தெருக்காரர்களுக்கு நன்றி

அன்புள்ள லோலா (பாட்டி), கூயா (அண்ணன்), ஆத்தே (அக்கா), மற்றும் தெருவில் உள்ள எல்லோருக்கும்,

உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். படிப்புக்கோ வேலைக்கோ பிலிப்பைன்ஸில் உள்ள செபுவுக்கும் அதை ஒட்டிய இந்த மக்தான் தீவுக்கும் வரப்போகும் நம்மவர்கள் உங்களைப் பற்றித் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று ஆசை. உங்களுக்கு உங்கள் பிசாயா மொழியில் எடுத்துச் சொல்ல என் மகள் இருக்கிறாள்.

2021 டிசம்பர் 16 இரவு ஒடெட் புயல் செபுவைத் தாக்கியபோது என் கணவர் வேலை விஷயமாக மணிலாவில் இருந்தார். வீட்டில் நானும் குழந்தையும் மட்டும். காற்று முற்றுவதற்கு முன்பே அடுத்த வீட்டு லோலா தன் மகனை அனுப்பி எங்களை அழைத்துக்கொண்டார். அவர்கள் வீடு கான்கிரீட் வீடு. உள்ளே ஏற்கெனவே மூன்று குடும்பங்கள் இருந்தன. இரவு முழுக்கத் தகரக் கூரைகள் பிய்ந்து பறக்கும் சத்தம். லோலா ஜெபமாலையை உருட்டியபடியே என் மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் மின்சாரம் இல்லை, போன் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. பல பகுதிகளில் விளக்கெரிய வாரக்கணக்கானது. குடிதண்ணீர்க் கடைகள் முன் நீலக் கேன்களோடு நீண்ட வரிசை. அந்த வரிசையில் நான் நிற்கவே இல்லை. டிரைசிகிள் (பக்கவாட்டில் இருக்கைப் பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிள்) ஓட்டும் தம்பி, பெட்ரோலுக்கே அல்லாடிய அந்த நாட்களில், தன் வீட்டுக் கேனோடு எங்கள் கேனையும் ஏற்றிப்போய் நிரப்பிவந்தார். தண்ணீருக்கான காசு போக மீதியை வாங்கவே மாட்டார்.

சாரி-சாரி கடை ஆத்தேவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெட்டிக்கடைதான் அது. கம்பி வலைக்குப் பின்னால் சரம் சரமாக ஷாம்பு பாக்கெட், முட்டை, சின்னப் பைகளில் கட்டிய எண்ணெய், சோயா சாஸ். ஏடிஎம் எதுவும் வேலை செய்யாததால் என் கையில் பணமே இல்லை. ஆத்தே நோட்டைப் புரட்டி ஒரு புதுப் பக்கம் எடுத்து, என் மகள் பெயரை மேலே எழுதி, அரிசி, மெழுகுவர்த்தி, பால் பவுடர் எல்லாவற்றையும் அதில் குறித்துக்கொண்டார். வெளியே மெழுகுவர்த்தி விலை ஏறியபோதும் அவர் பழைய விலைக்கே கொடுத்தார். கடன் எப்போது தீரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது.

அந்தக் கிறிஸ்துமஸ் நள்ளிரவு விருந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் நடந்தது. பாதி வீடுகளுக்குக் கூரையாகத் தார்ப்பாய். நாங்கள் சைவம் என்பதால் கூயாவின் மனைவி தனி வாணலியில், மீன் சாறு கலக்காமல், கோஸும் கேரட்டும் மட்டும் போட்டு பான்சித் என்ற நூடுல்ஸ் செய்திருந்தார். எல்லோருக்கும் தட்டுப்பாடாக இருந்த நேரத்தில் எங்களுக்காகத் தனிச் சமையல்! புயலில் சாய்ந்த முருங்கையில் லோலா தழை பறித்து, பாசிப்பயறோடு வேகவைத்து ஒரு கிண்ணம் அனுப்பினார். எங்கள் அம்மா வைப்பதும் ஏறக்குறைய அதே பக்குவம்தான்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் கேட்காமலே வந்து பார்த்த பராங்கை (நம் ஊர் வார்டு போன்ற உள்ளாட்சிப் பிரிவு) சுகாதாரப் பணியாளர் அக்காக்களுக்கும், விழுந்த மாமரத்தை வெட்டி வழி செய்த பையன்களுக்கும் என் வணக்கம். உங்களில் பலருக்கே வீடு போயிருந்தது. அப்படியிருந்தும் வந்தீர்கள்.

வரும் தைப்பொங்கலுக்கு லோலா வீட்டு முற்றத்தில்தான் பானை வைக்கப்போகிறோம். வெல்லத்துக்குப் பதில் இங்கே கிடைக்கும் மஸ்கோவாடோ என்ற பழுப்புச் சர்க்கரை. தேங்காய் தன் பொறுப்பு என்று லோலா சொல்லிவிட்டார். எல்லோரும் காலையிலேயே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருவின் தமிழ்க் குடும்பம்