ஞாயிறு மதியத்தில் ஓநாய் மனிதன் வேண்டாம்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொலைக்காட்சி நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் கரையிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கள் போட்ட டப்பிங் படத்தைப் பற்றித்தான். தியேட்டருக்கு வராமல் டிவிக்கென்றே எடுத்த படம். ஓநாய் மனிதர்களும் ரத்தக்காட்டேரிகளும் மோதிக்கொள்ளும் அந்தக் கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறும் உண்டு என்று விளம்பரம் ஓடுகிறது.

ரத்தக்காட்டேரியை என் மகள் சீக்கிரமே மறந்துவிட்டாள். ஏழு வயது. ஓநாய் மனிதன்தான் போகமாட்டேன் என்கிறான். நிலா ஏறியதும் உடம்பெல்லாம் மயிர் முளைத்து மாறுகிறவன், படத்தில் ஒரு சின்னப் பெண்ணின் அப்பா. இவளுடைய அப்பா நாட்டுப்படகில் பொழுது சாய வடகடலுக்குப் போய் விடியும்போது வருகிறவர். தாடியும் உப்புமாக வாசலில் நின்றவரைப் பார்த்து வீறிட்டுவிட்டாள். "இந்தப் பக்கம் ஓநாயே கிடையாது" என்று சொன்னால், "அப்பாதான் ஓநாய்" என்கிறாள். இரவெல்லாம் வலை இழுத்த மனிதர் இப்போது வெளியிலேயே குளித்து, சவரம் செய்து, சட்டை மாற்றி, "தாயி, அப்பாதான்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். அப்படியும் அவள் என் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பேய்ப்படமே கூடாது என்று சொல்லவில்லை. நேரத்தை மாற்றுங்கள் என்கிறேன். குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாததை ஒளிபரப்பக் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் கேபிள் டிவி விதிகளே சொல்கின்றன. பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளுக்கு இரவு 11 முதல் காலை 5 வரை என்று உங்கள் துறையே நேரம் வகுத்து வைத்திருக்கிறது. தியேட்டரில் ஏ படமென்றால் வாசலிலேயே பிள்ளைகளைத் தடுப்பார்கள். எங்கள் வீட்டில் யார் தடுப்பது? ஞாயிறு மதியம் நான் மீன் காயப்போட்டுக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால், எத்தனையாம் எண் என்று தெரிந்துகொள்ளத்தான் நாங்கள் உங்கள் டிவியைப் போடுகிறோம். அந்த ஒரு வரி விளம்பரத்துக்கு அடியில் ஓடி மறைந்துவிடுகிறது. ஆனால் இந்தப் படத்தின் முன்னோட்டம் திரை முழுக்க, திரும்பத் திரும்ப வருகிறது. கடலுக்குப் போனவர்களை நினைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு எது வேண்டும் என்று நீங்கள் ஒரு தடவையாவது யோசித்ததுண்டா?

சரி, கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். வரும் ஞாயிறு அந்தப் படத்தை மதியம் போடாதீர்கள். இரவு 11 மணிக்கு மேல் போடுங்கள். எத்தனை வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முன்னோட்டத்திலும் தமிழில், பெரிய எழுத்தில் காட்டுங்கள். புகாருக்கு 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2021இலிருந்து இருக்கிற விதி. நான் எழுத்துமூலம் தந்த புகாருக்குப் பதில் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு தாய்