எல்லைக்கோட்டில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டர்: அணி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அணி நிர்வாகிகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

மூச்சிரைக்க வெளியே வரும் வீரரின் முகத்தில் உடனே மாஸ்க்கை வைப்பது பல அணிகளில் பழக்கமாகிவிட்டது. ஆக்சிஜன் சிலிண்டரைக் களைப்பு போக்கும் சாமானாகக் கணக்கில் எழுதாதீர்கள், அவசரச் சிகிச்சைக் கருவியாக எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மூச்சு வாங்குவதைப் பார்த்தால் உடம்பில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் மூச்சை விரட்டுவதில் பெரும்பங்கு ரத்தத்தில் சேரும் அமிலத்துக்கும் கரியமில வாயுவுக்கும்தான். கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் நலமான ஒருவரின் ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) ஏற்கெனவே 95 முதல் 99 சதவீதம் ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது. உச்ச வேகத்தில் சிலருக்கு, குறிப்பாகத் தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு, அது இறங்கும். நின்றதும் தானாக ஏறிவிடும். 100 மி.லி. ரத்தம் சுமார் 20 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கிறது. சுத்த ஆக்சிஜனையே சுவாசித்தாலும் அதில் கூடுவது 2 மி.லி. அளவே. அதைத் தசை சேமித்து வைத்துக்கொள்ளாது. மாஸ்க்கைக் கழற்றிக் களத்துக்குள் ஓடுவதற்குள் போய்விடும்.

அந்தச் சுத்த ஆக்சிஜனாவது உள்ளே போகிறதா? அப்போதுதான் ஓடி நின்றவர் நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்றை இழுக்கிறார் என்று வையுங்கள். சாதாரண மாஸ்க்கில் 10 லிட்டர் ஆக்சிஜன் விட்டால் மீதி 90 லிட்டர் வெளிக்காற்று. கலவையில் ஆக்சிஜன் 29 சதவீதம்தான், வெறுங்காற்றில் 21. கடையில் விற்கும் 10 லிட்டர் ஆக்சிஜன் கேன் இந்த வேகத்துக்கு ஆறு நொடி தாங்கும்.

1989-இல் 12 தொழில்முறைக் கால்பந்து வீரர்களை வைத்துச் சோதித்தார்கள். ஓய்வில் ஆக்சிஜன் தந்தும், கடும் ஓட்டத்தில் தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் லாக்டேட்டின் அளவும் மாறவில்லை, அடுத்த ஓட்டமும் மேம்படவில்லை. எது ஆக்சிஜன், எது காற்று என்று வீரர்களாலேயே சொல்ல முடியவில்லை. மாஸ்க் போட்டதும் "தெம்பா இருக்கு" என்பவருக்கு உதவியது பெரும்பாலும் உட்கார்ந்த அந்த மூன்று நிமிடம்தான். ஊக்கமருந்து விதிகள் இதைத் தடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பொலிவியாவின் லா பாஸ் நகரம் போல 3,600 மீட்டர் உயரத்தில் ஆடினால் கதை கொஞ்சம் மாறும். அங்கே ரத்த ஆக்சிஜனே குறைந்திருப்பதால் மாஸ்க் அதை ஏற்றும், தலைசுற்றலுக்கும் உதவும். போட்டிருக்கும் வரைதான்.

சிலிண்டரை என்ன செய்வது? 5 லிட்டர் கொள்ளளவை 150 பார் அழுத்தத்தால் பெருக்கினால் 750 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் 50 நிமிடம். இடைவேளையில் ஆளாளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால், ஒருவர் மயங்கி விழும்போது முள் சிவப்பில் நிற்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் அழுத்தத்தைக் குறித்து வையுங்கள். நிமிர்த்திக் கட்டி வையுங்கள். வலிக் களிம்போ எண்ணெயோ பட்ட கையால் வால்வைத் தொடக் கூடாது. அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய்ப் பசை தானே பற்றிக்கொள்ளும். வால்வை மெல்லத் திறக்க வேண்டும், வெடுக்கென்று திறந்தால் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் ரெகுலேட்டருக்குள் சூடேறும். சாதாரண மாஸ்க்கில் நிமிடத்துக்கு 5 லிட்டருக்குக் கீழே விட்டால் வீரர் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பை உள்ள மாஸ்க் என்றால், பை நிரம்பிய பிறகே முகத்தில் வையுங்கள்.

ஓய்ந்து ஐந்து நிமிடமாகியும் விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் 94 சதவீதத்துக்குக் கீழே காட்டினால், முதலில் விரலைத் துடைத்து, சூடேற்றி, அசையாமல் வைத்து மறுபடி பாருங்கள். குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் எண்ணைக் கெடுக்கும். அப்போதும் ஏறாவிட்டால் ஆக்சிஜன் கொடுத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவரை மறுபடி களமிறக்காதீர்கள். வெயிலில் ஆடி உளறுகிறவருக்கு முதல் தேவை குளிர்நீர்த் தொட்டி. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்போது, தீப்பற்றாமலிருக்க, ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

கேனுக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு மாற்று வீரரை அழைத்து வாருங்கள். தசையின் உடனடி ஆற்றல் இருப்பு பெருமளவு மீள மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். லாக்டேட் சீக்கிரம் கரைய, பெஞ்சில் சாய்வதைவிட மெதுவாக நடப்பது நல்லது.

இப்படிக்கு,
விளையாட்டு மருத்துவத்திலும் உடற்பயிற்சி உடலியலிலும் பணிபுரிவோர்