வாத்து வேட்டைத் தொடக்க நாளும் உயிர்காப்பு அங்கியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்கத் தமிழர்களுக்காக வெளிவரும் தங்கள் இதழின் சென்ற மாதக் கட்டுரையில், மேல் மிசிசிப்பி ஆற்றின் தேங்குநீர்ப் பகுதிகளில் தொடங்கவிருக்கும் வாத்து வேட்டைப் பருவத்தைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். உரிமம், அதோடு வேட்டைக்காரர் வாங்க வேண்டிய வாத்து முத்திரை, 1991 முதல் நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட ஈயமற்ற தோட்டா, ஒரு நாளைக்கு இத்தனை பறவைகள்தான் என்ற வரம்பு எல்லாமே தெளிவாகவும் சரியாகவும் இருந்தன. துப்பாக்கியை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் நீட்டக்கூடாது என்பதற்கும் உரிய இடம் கொடுத்திருந்தீர்கள். படகைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் நகரில் நெடுங்காலமாக வசிப்பவன், ஆண்டுதோறும் தொடக்க நாளில் அந்த ஆற்றில் படகு இறக்குபவன் என்ற முறையில், பருவம் தொடங்குவதற்குள் இதை எழுதியாக வேண்டும் என்று தோன்றியது.

அந்த நீர்ப்பரப்பு எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1924இல் அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கிய மேல் மிசிசிப்பி தேசிய வனவிலங்கு, மீன் புகலிடம் மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா, இலினாய் ஆகிய நான்கு மாநிலங்களின் வழியே 261 மைல் நீளத்துக்கு நீள்கிறது. 1930களில் சரக்குப் படகுகளுக்காக வரிசையாக அணைகள் கட்டப்பட்டபோது, கரையோரத் தாழ்நிலங்களும் அவற்றிலிருந்த காடுகளும் நீரில் மூழ்கின. வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் பல இடங்களில் இன்றும் தண்ணீருக்குச் சற்றுக் கீழேயே நிற்கின்றன. அதற்கும் முன்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, நீரோட்டத்தை நடு ஆற்றுக்குத் திருப்புவதற்காகக் கல்லையும் மரக்கிளைகளையும் அடுக்கிக் கரையிலிருந்து குறுக்கே கட்டிய தடுப்புகளும் அங்கங்கே மறைந்து கிடக்கின்றன. இலையுதிர் காலத்தில் நீர் குறையும்போது இவையெல்லாம் படகின் அடிப்பகுதிக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். பகலில் பழகியவருக்கே தடுமாற்றம் தரும் இந்த வழியில், தொடக்க நாளன்று நூற்றுக்கணக்கானோர் இருட்டில் போகிறார்கள்.

இருட்டில் போவதற்குக் காரணம் உண்டு. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே சுட அனுமதி உண்டு என்பதால், நல்ல இடத்தைப் பிடித்து, பறவைகளை ஈர்க்கும் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு, நாணற்புதருக்குள் படகை மறைத்துக்கொள்ள வேண்டுமானால், நள்ளிரவு கடந்த சில மணி நேரத்திலேயே படகுத்துறைக்கு வந்தாக வேண்டும். வரிசை நீளம், பின்னால் நிற்பவர்களின் அவசரம், ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே படகோட்டுகிறவர்கள் பலர். சென்ற ஆண்டு எங்களுக்கு முன்னால் இறங்கிய ஒரு தட்டையான அலுமினியப் படகில் நான்கு பேர், ஒரு லேப்ரடார் நாய், மூன்று மூட்டை பொம்மைகள், துப்பாக்கிப் பெட்டிகள் எல்லாம் ஏறின. பக்க விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. எத்தனை பேர், எவ்வளவு எடை என்று பொறித்திருக்கும் தகடு ஒரு மூட்டையின் கீழே மறைந்திருந்தது. உயிர்காப்பு அங்கிகள் இருந்தன, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் முன்பக்கத்தில் திணிக்கப்பட்டிருந்தன. அவர்களில் இருவர் தமிழில் பேசிக்கொண்டார்கள் என்பதால் அருகே சென்று சொன்னேன். "சட்டப்படி படகில் இருந்தால் போதும் அண்ணா" என்று பணிவாகவே பதில் வந்தது.

அந்தத் தம்பி சொன்னது பாதி உண்மைதான். ஆளுக்கொரு அங்கி, உடனே எடுத்து அணியும்படி படகில் இருக்க வேண்டும் என்பதே சட்டம்; உறை பிரிக்காத அங்கி அதற்குப் போதாது. பெரியவர்கள் அதை அணிந்திருக்க வேண்டும் என்று இங்கே கட்டாயமில்லை. துப்பாக்கிக்கோ, விஸ்கான்சினில் 1973 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் பொதுவாகப் பயிற்சி முடிக்காமல் வேட்டை உரிமம் வாங்க முடியாது. விசைப்படகு ஓட்டுவதற்கான பயிற்சி 1989 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குத்தான் கட்டாயம் என்பதால், நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் இந்தியாவிலிருந்து வந்து, ஆற்றையே அறியாமல், நண்பரின் படகை அந்த இருட்டில் ஓட்டிச் செல்ல எந்தத் தடையும் இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் விபத்துக் கணக்கில், படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேற்பட்டோர் அங்கி அணியாதவர்களாகவே இருக்கிறார்கள்.

"இடுப்பளவு தண்ணீர்தானே" என்று சிலர் சொல்வதுண்டு. அடியில் இருப்பது மணல் அல்ல, முழங்கால்வரை இழுக்கும் வண்டல். பத்தடி தள்ளி ஆழமான ஓடை. பொம்மையை எடுக்க விளிம்பில் சாய்வது, பறவையைக் கண்டதும் இருவர் ஒரே பக்கம் எழுந்து நிற்பது, இந்த இரண்டில் ஒன்றே கவிழப் போதும். மார்புவரை அணியும் ரப்பர் காலுறைக்குள் புகுந்த நீர் ஆளைக் கீழே இழுப்பதில்லை என்றாலும், நீந்தவும் படகில் ஏறவும் முடியாதபடி கால்களைக் கட்டிவிடும். பருவத் தொடக்கத்தில் நீர் உறைநிலையில் இல்லை என்பது சரியே. ஆனால் தொடக்க நாளில் அங்கியில்லாமல் பழகுகிறவர் நவம்பரிலும் அப்படியேதான் போகிறார். அப்போது குளிர்ந்த நீரில் விழுந்த முதல் நிமிடத்திலேயே மூச்சு தன் கட்டுப்பாட்டில் இருக்காது. சில நிமிடங்களில் விரல்களும் கைகளும் செயலிழக்கும். விழுந்த பிறகு அங்கியைத் தேடி மாட்டிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை.

இந்த ஆற்றின் மக்கள் 1940 நவம்பர் 11ஐ இன்றும் மறக்கவில்லை. விடுமுறை நாளான அன்று காலை வெதுவெதுப்பாக இருந்ததால் வேட்டைக்காரர்கள் மெல்லிய உடையில் தீவுகளுக்குப் போனார்கள். புயலுக்கு முன்னால் வாத்துகள் திரள் திரளாக இறங்கியதால் திரும்ப மனமில்லாமல் இருந்துவிட்டார்கள். பிற்பகலில் சூறைக்காற்றும் பனியும் வந்தபோது சிறு படகுகளால் அலையைத் தாண்ட முடியவில்லை. பல மாநிலங்களில் 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மினசோட்டாவில் மட்டும் 49 பேர், அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வாத்து வேட்டைக்குச் சென்றவர்கள். மினசோட்டாவின் வினோனா நகரைச் சேர்ந்த விமானி மேக்ஸ் கான்ராட் ஒரு சிறிய பைப்பர் கப் விமானத்தில் பறந்து, சிக்கியவர்களைத் தேடிக் கண்டு, உணவும் தீப்பெட்டியும் போட்டு, மீட்புப் படகுகளுக்கு வழிகாட்டியிருக்காவிட்டால் இழப்பு இன்னும் கூடியிருக்கும்.

இன்று வானிலை முன்னறிவிப்பு கைப்பேசியிலேயே கிடைக்கிறது. தோளில் பட்டைபோல் கிடந்து, நீரில் விழுந்ததும் தானே காற்று நிரம்பும் அங்கியும் கிடைக்கிறது. துப்பாக்கியைத் தோளில் வைப்பதற்கு அது சிறிதும் இடையூறு செய்வதில்லை என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன். எந்தத் துறையில் இறங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றைத் தன் உடையில் மாட்டிக்கொள்ளவும் வேண்டும்.

அடுத்த இதழ் பருவம் தொடங்கும் முன்பே வாசகர் கைக்கு வருவதால், அதில் படகுப் பாதுகாப்பு குறித்து ஒரு சிறு பெட்டிச் செய்தியையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படகு துறையை விட்டு நகரும் முன்பே எல்லோரும் அங்கியை அணிந்து கொக்கிகளை மாட்டிவிட வேண்டும் என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
லா கிராஸ், விஸ்கான்சின்