மயில் வாகனத்தை அறுக்க வேண்டாம்

கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில், நம் பழைய மயில் வாகனத்தின் காலில் ஒரு துண்டை அறுத்துக் வயது பார்க்கும் கார்பன் சோதனைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இறங்கிய முதல் ஒப்பந்தக் கூலி ஆட்களோடு வந்தது இது என்று காட்ட வேண்டும் என்பது உங்கள் ஆசை. எனக்கும் அதே ஆசைதான். ஆனால் இந்தச் சோதனை அந்தக் கேள்விக்குப் பதில் தராது.

வானத்தில் உயரே காஸ்மிக் கதிர்கள் கிளப்பிவிடும் நியூட்ரான்கள் நைட்ரஜன் அணுவில் மோதித்தான் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் உண்டாகிறது. மரம் அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு வளையம் வளர்ந்து முடிந்ததும் அதற்குள் புதுக் கார்பன் போகாது, இருப்பது மெல்லச் சிதையும், பாதியாகக் குறைய 5,730 ஆண்டு. மிச்சம் எவ்வளவு என்று பார்த்துத்தான் வயது சொல்கிறார்கள். 1860க்குப் பிறகு குறைந்திருப்பது வெறும் 2 விழுக்காடு. அதை இன்றைய கருவிகள் அளந்துவிடும், சரி, ஆனால் காற்றில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவில் இருந்ததில்லையே. சூரியனின் போக்கு மாறும்போது அதுவும் மாறியது. நிலக்கரி எரிக்கத் தொடங்கிய பிறகு கார்பன்-14 துளியும் இல்லாத புகை அதில் கலந்தது. அதனால் அளந்து வரும் ஒரே எண் 1600களின் கடைசிக்கும் பொருந்தும், 1800களுக்கும் பொருந்தும், 1900களின் தொடக்கத்துக்கும் பொருந்தும்.

இன்னொன்று. தெற்கு அரைக்கோள மரங்கள் வடக்கு மரங்களைவிடச் சில பத்தாண்டுகள் பழையவைபோல் காட்டும், அதனால் இரண்டுக்கும் தனித்தனித் திருத்தக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் வாகனத்துக்கு எந்தக் கணக்கைப் போடுவது? மரம் இந்தியாவில் நம் ஊரிலிருந்து வந்ததா, இங்கே டர்பன் இருக்கும் நேட்டாலில் வெட்டியதா என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும், நாம் கேட்பதே அதைத்தானே! போதாக்குறைக்கு, கிடைப்பது அந்த வளையம் வளர்ந்த வருடம், ஆசாரி செதுக்கிய வருடம் இல்லை.

தைப்பூசத்துக்கு முன்னால் வாகனத்தைத் துடைத்தபோது இடது காலில் பெயிண்ட் பெயர்ந்த இடத்தைப் பார்த்தேன். மேலே பச்சை எனாமல், அதற்கடியில் நீலம், அதற்கும் கீழே கறுத்துப்போன எண்ணெய்ப் பிசுக்கு, நகத்தால் சுரண்டினால் நெய் வாசம் இன்னும் வருகிறது. எனாமலில் பெட்ரோலியச் சரக்கும் கலந்திருக்கும், அந்தச் சரக்கில் கார்பன்-14 கிடையாது. கழுவிய பிறகும் மாதிரியில் அப்படிப்பட்ட கார்பன் 1 விழுக்காடு தங்கிவிட்டால் வயது சுமார் 80 ஆண்டு கூடிவிடும். 1860ஆ 1940ஆ என்று பார்க்கிற நமக்கு அது எத்தனை பெரிய பிழை!

ஒன்றே ஒன்றை இந்தச் சோதனை தெளிவாகச் சொல்லும். 1950களின் நடுவிலிருந்து நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது, அதனால் அதற்குப் பிறகு வளர்ந்த மரமென்றால் உடனே தெரிந்துவிடும். நம் வாகனத்தில் அந்தச் சந்தேகம் யாருக்கும் இல்லை. 1950க்கு முன்பே இதைத் தோளில் சுமந்த தாத்தாக்கள் நம்மிடையே இருந்தார்கள்.

அதற்குப் பதில் பீடத்தின் அடியில் ஏற்கனவே உடைந்து தொங்கும் சிம்பை மர வகை பார்க்கிறவரிடம் கொடுங்கள். இலுப்பையா, வேங்கையா, இந்த மண்ணின் மஞ்சள் மரமா (யெல்லோவுட்) என்று நுண்ணோக்கியில் தெரியும். ஆணிகளையும் பார்க்கலாம், கொல்லன் கையால் அடித்த ஆணியா, ஆலைக் கம்பி ஆணியா என்று. வருகிற சனிக்கிழமை காலை பூசை முடிந்ததும் பூதக்கண்ணாடியும் கேமராவும் கொண்டு வருகிறேன், அண்ணன்மாரே. அதுவரை ரம்பத்தைத் தொடாதீர்கள்.